பருத்த உடம்புக்கு மிதப்பு ஜாக்கெற் தெரிவு செய்தல்: வன்னிக் கடலில் சுழியோடுபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"அண்ணை, உங்கட உடம்புக்குப் பெரிய காற்றுப்பை உள்ளதாப் பாத்து எடுங்கோ." நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் மிதப்பு ஜாக்கெற் (சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்று ஊதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் உடுப்பு) வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் பருத்த உடம்புக்காரருக்கு வரும் சிக்கல்களில் பாதி இந்த அறிவுரையிலிருந்துதான் தொடங்குகிறது. உடம்பு பெரிதென்றால் ஜாக்கெற்றின் பொருத்தம் மாறும், தாழ்வதற்குக் கட்ட வேண்டிய ஈயம் கூடும். காற்றுப்பையின் தூக்குவலு அதே அளவுக்குக் கூட வேண்டியதில்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஜாக்கெற்றுக்குப் போவோம்.

முல்லைத்தீவு, அளம்பில், கொக்கிளாய்ப் பக்கமும், மேற்கே இரணைதீவு, சிலாவத்துறைப் பக்கமும் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குபவர்களில், ஜாக்கெற்றே இல்லாமல் சிலிண்டரை வெறும் பட்டியில் முதுகோடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மெலிந்த உடம்புக்காரர் அப்படிச் சமாளித்து விடுவார். பத்துக் கிலோ ஈயம் கட்ட வேண்டிய உடம்புக்காரர் அந்தப் பழக்கத்தைப் பின்பற்றக் கூடாது. கடல் மட்டத்துக்கு வந்த பிறகு அவரைத் தூக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு வைத்தியரிடம் போய் இரத்த அழுத்தம், சீனி, இதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரும் ஈயமுமாக முப்பது கிலோவை மணலில் சுமந்து நடக்கிற வேலை இது.

ஈயக் கணக்கு

கொழுப்பின் அடர்த்தி லீற்றருக்கு ஏறத்தாழ 0.9 கிலோ. கடல்நீருடையது 1.025. பத்துக் கிலோ கொழுப்பு 11.1 லீற்றர் இடத்தைப் பிடிக்கும், அந்த இடத்துக் கடல்நீர் 11.4 கிலோ. ஆகவே மேலதிகக் கொழுப்பு ஒவ்வொரு பத்துக் கிலோவுக்கும் ஏறத்தாழ 1.4 கிலோ மேல்நோக்கித் தள்ளும். முப்பது கிலோ கூடுதல் என்றால் நாலு கிலோவுக்குச் சற்று அதிகம். ஈயமும் நீரில் தன் எடையில் 9 சதவீதத்தை இழப்பதால், ஒரு கிலோ ஈயம் உண்மையில் 910 கிராம்தான் இழுக்கும். இந்தக் கணக்கு கொழுப்புக்கு மட்டுமே. உழைத்து இறுகிய நூறு கிலோ உடம்புக்கு அவ்வளவு ஈயம் தேவைப்படாது. எடையை மட்டும் கேட்டுவிட்டு "உங்களுக்குப் பன்னிரண்டு கிலோ" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இனி முக்கியமான விசயம். கொழுப்பு ஆழத்தில் நசுங்காது. இருபது மீற்றரிலும் அது அதே அளவுக்குத்தான் மேலே தள்ளும். அதைச் சமப்படுத்தக் கட்டிய ஈயமும் அதே அளவுக்குத்தான் கீழே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுவதால், அதற்கென்று காற்றுப்பைக்குக் காற்று அடிக்கத் தேவையில்லை. ஆழத்தில் மாறுவது இரண்டே இரண்டு: வெற்சூற் (உடம்போடு ஒட்டிப் போடும் றப்பர் உடை), சிலிண்டருக்குள் இருக்கும் காற்று.

வெற்சூற்றின் றப்பருக்குள் இருக்கும் நுண்குமிழ்கள் பத்து மீற்றரில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும், இருபதில் மூன்றில் ஒன்றாகும். பெரிய உடம்புக்குப் பெரிய சூற், ஆகவே இழப்பும் பெரிது. உங்கள் சூற் எவ்வளவு மிதக்கிறது என்பதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். சூற்றைச் சுருட்டி வலைப்பை ஒன்றில் போட்டு, இடுப்பளவு கடலில் நன்றாகக் கசக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு அரைக்கிலோ அரைக்கிலோவாக ஈயம் போடுங்கள். எந்த இடத்தில் பை மெல்லத் தாழ்கிறதோ, அந்த ஈயத்தின் பத்தில் ஒன்பது பங்குதான் உங்கள் சூற்றின் மிதப்பு. வலை ஈயத்தை உருக்கி வார்த்த கட்டிகள் என்றால் மீன் நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து, எடையை அதிலேயே கீறி வையுங்கள். "இரண்டு கிலோக் கட்டி" என்று சொல்லித் தருவது ஒன்றரையாகவும் இருக்கும், இரண்டேகாலாகவும் இருக்கும்.

சிலிண்டர்: அலுமினியம் 80 எனப்படும் 11.1 லீற்றர்ச் சிலிண்டர், 207 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2.7 கிலோ காற்றைக் கொண்டிருக்கும். நிரம்பியிருக்கையில் கடலில் 0.7 கிலோ அளவுக்குத் தாழும். வெறுமையானால் இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கும். உருக்குச் சிலிண்டர்கள் வெறுமையிலும் பெரும்பாலும் தாழ்ந்தே இருக்கும்.

தூக்குவலு எவ்வளவு போதும்

இரண்டு கணக்குப் போட்டு, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 120 கிலோ ஆள், 3 கிலோ மிதக்கும் சூற், அலுமினியச் சிலிண்டர், 10 கிலோ ஈயம் என்று வைப்போம்.

முதற் கணக்கு, நீருக்கு அடியில். இறங்கும் போது சிலிண்டரில் செலவழிக்கப் போகும் காற்று 2 கிலோ. இருபது மீற்றரில் சூற் இழப்பது 2 கிலோ. ஆக 4 கிலோ.

இரண்டாவது, ஜாக்கெற்றைக் கழற்றி நீரில் விட்டால் அது தானாக மிதக்க வேண்டும். நிரம்பிய சிலிண்டர் 0.7, றெகுலேற்றரும் (வாயில் வைத்து மூச்செடுக்கும் கருவி) காற்றழுத்த மானியும் 1, ஜாக்கெற் பொக்கற்றில் உள்ள 10 கிலோ ஈயத்தின் இழுப்பு 9.1. கூட்டினால் 10.8, அதாவது 11 கிலோ.

பெரியது 11. அலையில் தலை வெளியே நிற்க 4 கிலோ சேருங்கள், 15. இந்த ஆளுக்கு 15 முதல் 18 கிலோ தூக்குவலு உள்ள பை தாராளம். பட்டியலில் நியூட்டனில் போட்டிருந்தால் பத்தால் வகுங்கள், இறாத்தலில் போட்டிருந்தால் 0.45 ஆல் பெருக்குங்கள்.

27 கிலோப் பைகள் இரட்டைச் சிலிண்டருக்கென்று செய்தவை. ஒற்றைச் சிலிண்டரில் அவற்றைப் பூட்டினால் தேவையற்ற துணி சிலிண்டரைச் சுற்றி இருபுறமும் மடங்கி நிற்கும். உள்ளே காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடி உங்களை உருட்டும். காற்றை வெளியேற்றும் போது ஒரு மூலையில் கொஞ்சம் சிக்கி நிற்கும். ஊதும் பொத்தான் உப்பில் இறுகி அமுங்கியே நின்றுவிட்டால், பெரிய பை உங்களை இன்னும் கெதியாக மேலே இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது கணக்கைக் குறைக்க வழி உண்டு. நாலு கிலோ ஈயத்தை ஜாக்கெற்றிலிருந்து எடுத்து உடம்பில் கட்டினால், 11 என்பது 7.4 ஆகும். ஆனால் வண்டி (தொப்பை) வைத்தவருக்கு இடுப்பு ஈயப்பட்டி வழுக்கி இறங்கும். கரையில் இறுக்கிக் கட்டியது ஆழத்தில் சூற் நசுங்கத் தளரும். தோளில் தொங்கும் ஈயப்பட்டிதான் இவர்களுக்கு நல்லது. கழற்றுவதற்கு இழுகயிறு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த வகை

சாதாரண ஜாக்கெற்றில் காற்று இரண்டு விலாப்பக்கத்திலும் நிரம்பும். கடல் மட்டத்தில் ஆளை நிமிர்த்தி வைக்கும், அது அதன் சிறப்பு. ஆனால் முழுக்க ஊதினால் உள்ளுக்கும் விரியும். வண்டியையும் விலாவையும் சேர்த்து அமத்தும், மூச்சு மேலாக வாங்கத் தொடங்கும். களைத்து மேலே வந்த ஆளுக்கு மூச்சு தேவைப்படுகிற நேரத்தில்தான் ஜாக்கெற் நெரிக்கும்.

முதுகில் மட்டும் காற்று நிரம்பும் ஜாக்கெற் இந்த நெரிப்பைத் தராது. பருத்தவர்களுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான். கடல் மட்டத்தில் முகத்தைச் சற்று முன்னே தள்ளும். பையை முழுக்க ஊதாமல் முக்கால்வாசி ஊதி, கொஞ்சம் பின்னே சாய்ந்து கொண்டால் சரிவரும்.

மூன்றாவது, முதுகுத்தகடும் நாடாவும் தனிப்பையும் சேர்ந்தது. இதில் சைஸ் என்ற கதையே இல்லை. 5 சென்ரிமீற்றர் அகல நாடாவை உடம்புக்கு அளந்து கோர்ப்பதுதான். தகட்டோடு வரும் நாடா பெரிய வண்டிக்கு எட்டாமல் போகலாம். 4.5 மீற்றர் நாடா தனியாக வாங்கிக் கோர்த்து, ஒரு மாதம் பாவித்த பிறகு மிச்சத்தை வெட்டுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் உருக்குங்கள். உருக்குத் தகடு இரண்டரை, மூன்று கிலோ வரும். அந்த அளவு ஈயம் குறையும் என்பது நல்லதுதான், ஆனால் அதைக் கழற்றி எறிய முடியாது. அலுமினியத் தகடு ஒரு கிலோ அளவில் இருக்கும். தோள்மூட்டு இறுகியவர்களுக்கு ஒரே தொடர்நாடாவிலிருந்து கையை உருவி எடுப்பது பெரும்பாடு. அவர்கள் தோளில் கிளிப் உள்ள நாடாவை எடுக்க வேண்டும்.

அளவெடுப்பதும் கரையில் போட்டுப் பார்ப்பதும்

பாவிக்கப் போகும் வெற்சூற்றைப் போட்டுக்கொண்டு, தையல் நாடாவால் நாலு அளவு எடுங்கள்: நெஞ்சின் சுற்று (நிறைய மூச்சு இழுத்தபடி), தொப்புள் மட்டத்தில் வண்டியின் சுற்று (நின்றும் இருந்தும், பெரியதைக் குறியுங்கள்), தோள் எலும்பிலிருந்து தோள் எலும்புக்கு, கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு. சட்டையின் எக்ஸ்.எல். வேறு, ஜாக்கெற்றின் எக்ஸ்.எல். வேறு. ஒரு கம்பனிக்கும் இன்னொன்றுக்குமே ஒத்து வராது. சென்ரிமீற்றரில் போட்ட அட்டவணையைக் கேளுங்கள்.

நெஞ்சும் வண்டியும் இரண்டு வேறு சைஸில் விழும் ஆட்கள் அதிகம். அப்படியானால் நெஞ்சுக்கும் முதுகு நீளத்துக்கும் எடுங்கள். வண்டியைப் பட்டி நீட்டிச் சமாளிக்கலாம். வண்டிக்கென்று இரண்டு சைஸ் கூட்டி எடுத்தால் தோள் அகன்று, ஜாக்கெற் முதுகில் ஆடும். சிலிண்டர் பக்கவாட்டில் சரியும். கடல் மட்டத்தில் ஊதியவுடன் ஜாக்கெற் மட்டும் காது வரை ஏறும், ஆள் கீழே நிற்பார். வயிற்றுப்பட்டிக்கு நீட்டுத்துண்டு தனியாக விற்கிறார்கள். கிடைக்காவிட்டால், பாடசாலைப் பை தைக்கிற ஒருவரிடம் கொடுத்து, நைலோன் நூலால் பெட்டியும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொல்லுங்கள். ஊசி காற்றுப்பையைத் தொடவே கூடாது.

இனிச் சிலிண்டரைப் பூட்டி, ஒருவர் பின்னால் தாங்கிப் பிடிக்க, இப்படிச் சோதியுங்கள்:

1. தோள்பட்டியை இறுக்குங்கள். இறுக்கிய பிறகும் இரு பக்கமும் 5 சென்ரிமீற்றராவது மிச்சம் இருக்க வேண்டும். கழற்றும் போது தளர்த்த அது தேவை.
2. வயிற்றுப்பட்டியின் ஒட்டும் பகுதி ஒரு உள்ளங்கை அகலத்துக்காவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இரண்டு விரல் அகலத்தில் ஒட்டி நிற்பது நனைந்தால் விடும்.
3. காற்று தப்பும் வால்வு சீறும் வரை ஊதிவிட்டு, ஆழமாகப் பத்து மூச்சு எடுங்கள். ஒரு மூச்சு நெரிந்தாலும் அந்த ஜாக்கெற் வேண்டாம்.
4. ஊதியபடியே பின்னால் நிற்பவர் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெற் நாலு விரலுக்கு மேல் ஏறினால், தொடைகளுக்கு நடுவால் போகும் பட்டி தேவை. வண்டி உள்ளவர்களுக்கு அநேகமாக எப்போதும் தேவைப்படும். இடுப்பு என்று ஒன்று உள்ளே வளைந்திருந்தால்தான் பட்டி அங்கே நிற்கும்.
5. கண்ணை மூடிக்கொண்டு தேடுங்கள்: ஊதுகுழாய், தோளில் உள்ள காற்றுத் திறப்பு, பின்பக்கக் கீழ்த் திறப்பின் இழுகயிறு, இரண்டு ஈயப் பொக்கற்றும். பெரிய வண்டியில் பொக்கற்றுகள் பின்னுக்கு இழுபட்டுக் கமக்கட்டுக்குக் கீழே போய்விடும். கை எட்டாத பொக்கற்றில் உள்ள ஈயத்தை ஆபத்தில் எறிய முடியாது.
6. வாங்கில் குப்புறப் படுத்துத் தலையை நிமிர்த்துங்கள். சிலிண்டர் பின்தலையில் இடித்தால், பட்டியில் அதைக் கீழே இறக்குங்கள்.

பெண்களுக்கு ஒன்று: நெஞ்சுப்பட்டி மார்பின் மேல் விழுந்தால் ஏற்றி இறக்கக்கூடிய பட்டி உள்ளதை எடுங்கள். தோள்பட்டி வெளிப்பக்கமாக வளைந்து போகும் ஜாக்கெற் பெரும்பாலும் பொருந்தும்.

குழாய்களையும் மறக்க வேண்டாம். வழக்கமான 75 சென்ரிமீற்றர்க் குழாய் அகன்ற தோளைச் சுற்றி வரும் போது, தலையைத் திருப்பினால் வாயிலிருந்து றெகுலேற்றரை இழுக்கும். தாடை நோகிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். 85, 90 சென்ரிமீற்றருக்கு மாற்றுங்கள்.

பழையதை வாங்குகிறீர்கள் என்றால், வால்வு சீறும் வரை ஊதி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் சவர்க்கார நுரை பூசிக் கசிவைத் தேடுங்கள். தையலில் கசிந்தால் விட்டுவிடுங்கள், வால்வில் என்றால் வளையம் மாற்றினால் போதும். குலுக்கிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் உப்புக் கட்டி.

ஈயத்தை எங்கே வைப்பது

ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். கழற்றக்கூடிய பொக்கற்றுக்குத் தயாரிப்பாளர் குறித்த எல்லை உண்டு. அதைத் தாண்டினால் குதிக்கும் போதே பொக்கற் நழுவி விழும். ஈயம் போன ஆள் பந்து போல மேலே வருவார். பத்துக் கிலோவை இப்படிப் பிரிக்கலாம்: கழற்றக்கூடிய இரண்டு பொக்கற்றிலும் மூன்று மூன்று கிலோ, மிச்சம் நாலைத் தோளில் தொங்கும் ஈயப்பட்டியில்.

வண்டி பெரிதான ஒருவர் குப்புற நீந்தும் போது, மிதக்கிற கொழுப்பு கீழேயும் பாரமான சிலிண்டர் மேலேயும் இருக்கும். உருக்குச் சிலிண்டரும் உருக்குத் தகடும் சேர்ந்தால், ஆமையைப் புரட்டியது போல ஆள் மல்லாக்கப் போவார். அசையாமல் நிற்கவே முடியாது, கையால் தண்ணீரை அளைந்து கொண்டே இருப்பார், காற்று வீணாகும். மருந்து எளிது: முதுகுப்பக்கம் இருக்கும் ஈயத்தில் இரண்டு கிலோவை எடுத்து இடுப்பின் முன்பக்கம் கொண்டுவாருங்கள். தொடையும் பிட்டமும் பருத்தவருக்குக் கால் மேலே ஏறும். அவருக்குச் சிலிண்டரை 3, 4 சென்ரிமீற்றர் கீழே இறக்கி, பாரமான கால்துடுப்பு கொடுத்தால் போதும். கணுக்காலில் ஈயம் கட்டுவது கடைசி வழி. ஒவ்வொரு உதைக்கும் அதைச் சுமக்க வேண்டும்.

கடலில் ஈயச் சோதனை

கிழக்குக் கரையில் வாடை ஓய்ந்து கடல் படுத்திருக்கும் மாதங்களில், நெஞ்சளவுக்கு மேல் ஆழமான இடத்தில் இதைச் செய்யுங்கள். குளத்தில் வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு என்பது ஒன்று. நன்னீரில் எடுத்த கணக்கு கடலுக்குச் சரிவராது என்பது மற்றது. ஆளும் பொருளுமாக 150 கிலோ என்றால் குளத்துக்கும் கடலுக்கும் இடையில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் ஈயம் வித்தியாசப்படும்.

சிலிண்டரில் 50 பார் இருக்கும் போது, ஜாக்கெற்றை முழுக்க வெறுமையாக்கி, சாதாரண மூச்சைப் பிடித்தபடி அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்லத் தாழ வேண்டும். நெற்றியும் வெளியே தெரிந்தால் ஒரு கிலோ சேருங்கள், மூச்சைப் பிடித்தும் தாழ்ந்தால் ஒரு கிலோ குறையுங்கள். நிரம்பிய சிலிண்டரோடு சோதித்தால் வந்த கணக்கோடு இரண்டு கிலோ கூட்டுங்கள்.

புதியவர்கள் பதற்றத்தில் நெஞ்சில் காற்றை வைத்துக்கொண்டே தாழப் பார்ப்பார்கள், கால்களையும் உதைத்துக் கொண்டிருப்பார்கள். "ஈயம் காணாது" என்று மேலும் இரண்டு கிலோ கொடுப்பது அப்போது நடக்கும் பிழை. காலை அசைக்காமல் வைக்கச் சொல்லி, முழு மூச்சையும் விடச் சொல்லி, ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு முடிவெடுங்கள். சூற்றுக்குள் சிக்கிய காற்று வெளியேறவும் அந்த நேரம் வேண்டும்.

அதே இடத்தில் இரண்டாவது சோதனை: நிரம்பிய சிலிண்டர், முழு ஈயம், முழுக்க ஊதிய ஜாக்கெற். கழற்றி நீரில் விடுங்கள், கயிறு ஒன்று கட்டியிருக்கட்டும். சிலிண்டரின் வால்வு நீருக்கு மேலே தெரிந்தால் பை போதும். தாழ்ந்தால் ஈயத்தை உடம்புக்கு மாற்றுங்கள், அல்லது அடுத்த அளவுப் பையைப் பாருங்கள்.

படகில் ஏறுதல்

பதினெட்டு அடி ஃபைபர் படகில் ஏணி இருக்காது. பருத்த ஆளை ஜாக்கெற்றோடு தூக்கி ஏற்ற இரண்டு பேராலும் முடியாது. விளிம்பு நெஞ்சில் அழுந்தி விலா நோகும், படகும் சரியும். அதனால்தான் ஜாக்கெற் தானாக மிதக்க வேண்டும் என்ற கணக்கு. முறை இதுதான்:

இயந்திரம் நின்ற பிறகு கிட்டப் போங்கள். ஜாக்கெற்றை முழுக்க ஊதுங்கள், றெகுலேற்றர் வாயிலேயே இருக்கட்டும். ஈயப் பொக்கற்றுகளை ஒவ்வொன்றாக உருவி மேலே கொடுங்கள், தோளில் தொங்கும் ஈயப்பட்டியின் ஈயத்தையும் கொடுங்கள். படகிலிருந்து தொங்கும் கயிற்றின் கொளுவியை ஜாக்கெற்றின் தோள் வளையத்தில் மாட்டுங்கள். மாட்டிய பிறகுதான் தொடைப்பட்டி, வயிற்றுப்பட்டி, நெஞ்சுப்பட்டி, கடைசியாகத் தோள். வாயில் உள்ள றெகுலேற்றரின் குழாய் வலது தோளுக்கு மேலால் வருவதால் இடது கையை முதலில் உருவினால் சிக்காது. ஒரு கை எப்போதும் படகில் இருக்கட்டும். ஈயமும் ஜாக்கெற்றும் போன பிறகு நீங்கள் நன்றாகவே மிதப்பீர்கள், அவசரப்பட ஒன்றுமில்லை.

ஏறுவதற்கு, கைவிரல் பருமனான கயிற்றில் காலை வைக்கத் தடம் ஒன்று முடிந்து, படகின் குறுக்குப் பலகையில் கட்டி, நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். தடத்துக்குள் ஒரு துண்டு பி.வி.சி. குழாயைக் கோர்த்தால் கால் வைத்ததும் நெரியாது. அந்தக் காலின் துடுப்பை மட்டும் கழற்றி மேலே கொடுத்துவிட்டு, மற்றக் காலால் ஒரு உதை உதைத்துத் தடத்தில் எழும்புங்கள். மேலே நிற்பவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு விலகும். கமக்கட்டுக்குக் கீழே பிடித்துத் தூக்கட்டும். படகில் இன்னொருவர் இருந்தால் அவர் எதிர்ப்பக்க விளிம்பில் போய் இருக்கட்டும்.